வளைவில் நின்ற கட்டில்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது.

நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் நோய்நொடி இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்பித்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். அங்கே குளிர் கூடிவிட்டது என்று சொன்னாயே, குட்டிக்குக் காதை மூடித் தொப்பி போடு, தலைக்குக் குளித்தால் ஈரம் போகத் துவட்டாமல் வெளியே விடாதே. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, முழங்கால் வழக்கம்போல் மாடிப்படி ஏறும்போது மட்டும் தன் இருப்பைத் தெரிவிக்கிறது. அப்பாவுக்குக் கால் தேறி வருகிறது. என் கோபம்தான் தேறவில்லை. யார் மேல் கோபம் என்று கேட்காதே, ஒரு வரிசையே நிற்கிறது, அதில் நீயும் நிற்கிறாய், பின்னால் ஒளிந்துகொண்டு இல்லை, முன்னாலேயே நிற்கிறாய். இதைப் போனிலேயே சொல்லலாமே என்பாய். போனில் உன்னிடம் எதைச் சொல்ல முடிகிறது? நான் வாயைத் திறப்பதற்குள் ‘அப்புறம் பேசுறேன்மா, மீட்டிங் இருக்கு’ என்று வைத்துவிடுகிறாய். அதோடு நான் பேசும்போதெல்லாம் அப்பா பக்கத்திலேயே இருக்கிறார். அவர் காதில் விழக்கூடாதது ஒன்று இதில் இருக்கிறது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன், நீயும் நின்றுகொண்டு பாதி, நடந்துகொண்டு பாதி என்று படிக்காமல் உட்கார்ந்து படி.

நீ அனுப்பிய கட்டில் வந்துவிட்டது. நல்ல மனசோடுதான் அனுப்பினாய், அதை இல்லை என்று சொல்லவில்லை. அப்பா நம் படிக்கட்டில் விழுந்து தொடை எலும்பு முறிந்து, ஆபரேஷன் ஆகி, ஆஸ்பத்திரியிலிருந்து நேரே மாமா வீட்டுக்குப் போனதெல்லாம் உனக்குத் தெரியும். மாமா வீடு கீழ்த்தளம், நம் வீடு மாடி, அதனால் கொஞ்ச நாளைக்கு அங்கே இருக்கட்டும் என்று நானும் சம்மதித்தேன், இரண்டு வீட்டுக்கும் நடுவில் நான்தான் அலைகிறேன். தரையில் படுக்கக் கூடாது, தாழ்ந்த கட்டிலும் ஆகாது, தலைமாட்டைக் கைப்பிடியால் சுற்றி உயர்த்துகிற மாதிரி உயரமான கட்டில் வேண்டும் என்று டாக்டர் சொன்னார். நீ அங்கிருந்தபடியே விரலால் தட்டி வாங்கிவிட்டாய். அதுவரைக்கும் சரி. ஆனால் அதற்கு முன்னால் நீயும் உன் மாமாவும் போனில் பேசி ஒரு தீர்ப்பு எழுதினீர்களே, அதை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது. கட்டில் மாடிக்கு ஏறினால் அக்காவும் அத்தானும் அவர்கள் வீட்டில் இருக்கட்டும், ஏறாவிட்டால் இரண்டு பேரும் காலத்துக்கும் மாமா வீட்டுப் பின்னறைக்கு வந்துவிடட்டும், மாடியை வாடகைக்கு விட்டுவிடலாம். அப்படித்தானே? என் வீட்டில் நான் இருப்பதா வேண்டாமா என்று ஒரு இரும்புக் கட்டிலிடம் போய்க் கேட்டிருக்கிறீர்கள், என்னிடம் கேட்கவில்லை. அந்தப் பின்னறையை நீ பார்த்திருக்கிறாய். ஒரே ஒரு ஜன்னல், அதைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர், கையை நீட்டினால் சுண்ணாம்பு ஒட்டும். மாமி தங்கமானவள், ஒரு குறை சொல்ல மாட்டேன், ஆனால் அவள் சமையலறையில் நான் ஒரு கரண்டியை இடம் மாற்றி வைத்தால் அது மறுநாள் காலையில் பழைய இடத்தில் இருக்கிறது. அவளும் ஒன்றும் சொல்வதில்லை, நானும் ஒன்றும் கேட்பதில்லை. எத்தனை நாளைக்கு இரண்டு பேரும் இப்படி ஒரு கரண்டியை வைத்து மரியாதையாகச் சண்டை போட முடியும்?

அளவு விஷயத்துக்கு வருகிறேன். படிக்கட்டு இரண்டு சுவருக்கு நடுவில் இருக்கிறது, பாதியில் ஒரு வளைவு இருக்கிறது, அந்த வளைவின் அகலத்தை மட்டும் சரியாக அளந்து சொல், அதைப் பார்த்துத்தான் கட்டிலின் அளவை முடிவு செய்ய வேண்டும் என்று நீ சொன்னாய். நான் அளந்தேன். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை அளந்தேன். அப்பாவின் தையல் மெஷின் மேல் தொங்குகிற இஞ்சு டேப்பை எடுத்து, ஒரு முனையைச் சுவரில் அழுத்தி, மறுமுனையை எதிர்ச் சுவரில் அழுத்தி, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். அந்த டேப்பை நான் தொட்டதே அன்றுதான். அவர் கடையில் இருந்தாலும் வீட்டில் இருந்தாலும் அது அவர் கழுத்தில் கிடக்கும், வேறு யாராவது தொட்டால் பல் துலக்கும் பிரஷைத் தொட்ட மாதிரி முகம் சுளிப்பார். அளந்ததை ஒரு காகிதத்தில் குறித்துக்கொண்டு மாமா வீட்டுக்குப் போய், அங்கிருந்து உனக்குப் போன் போட்டு, கூடத்தில் எல்லார் முன்னாலும் சத்தமாகப் படித்தேன். அப்பா என் பக்கத்தில் இடித்த புளி மாதிரி உட்கார்ந்திருந்தார். நீ ஒரு தடவை அப்பாவையும் கேட்டுடும்மா என்றாய். கேட்டேன். ‘சரியாத்தான் இருக்கும்’ என்றார். இந்த மூன்று வார்த்தைக்கு, இல்லை, இரண்டு வார்த்தைக்கு, நான் பிறகு வருகிறேன். மறந்துவிடாதே.

கட்டில் வந்த அன்றைக்கு லாரி தெருமுனையிலேயே நின்றுவிட்டது. அங்கிருந்து நாலு பேர் தோளில் வைத்துத் தூக்கி வந்தார்கள். அவர்களுக்குத் தலைவர் ஒரு மீசைக்காரர், மீசை அவர் பேசுவதற்கு முன்னால் பேசும், அப்படி ஒரு மீசை. தலைமாட்டுப் பலகையும் கால்மாட்டுப் பலகையும் தனியாகக் கழன்று வந்தன, நான் கூட ஆகா, எவ்வளவு சுலபம் என்று நினைத்தேன். ஆனால் நடுச்சட்டம் ஒரே இரும்பு, பற்றவைத்து ஒட்டியது, கழற்ற ஒரு திருகாணி கிடையாது. இதை விற்றவன் படத்தில் எல்லாம் காட்டியிருக்கிறான், ஒரு அழகான பெண் ஒரு விரலால் தலைமாட்டை உயர்த்திச் சிரிப்பதைக் காட்டியிருக்கிறான், அதை எப்படி வீட்டுக்குள் கொண்டுபோனாள் என்பதை மட்டும் காட்டவில்லை. நான் மேலே போய்க் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். கீழே இருந்து ‘தூக்கு, சாய், உன் பக்கம் சாய், அட உன் பக்கம்னா உன் பக்கம்’ என்று சத்தம் மட்டும் வருகிறது. கொஞ்ச நேரத்தில் சத்தம் நின்றுவிட்டது. எட்டிப் பார்க்கிறேன், கட்டில் வளைவில் நிற்கிறது. மேலேயும் வரவில்லை, கீழேயும் போகவில்லை, ஒரு மூலை சுவரைக் குடைந்துகொண்டு, இன்னொரு மூலை மின்சார மீட்டர் பெட்டியைக் கொஞ்சிக்கொண்டு, சாய்ந்து நிற்கிறது. கட்டிலுக்கு அந்தப் பக்கம் நாலு ஆண்கள், இந்தப் பக்கம் நான். சட்டத்தின் கம்பிகளுக்கு நடுவில் மீசைக்காரர் முகம் தெரிகிறது. யார் ஜெயிலில் இருக்கிறோம், யார் பார்க்க வந்திருக்கிறோம் என்றே புரியவில்லை. ‘அம்மா, இது போகாதும்மா’ என்றார். போகும், நான் அளந்திருக்கிறேன் என்றேன். ‘நீங்க அளந்தீங்க, இது அளக்கலயேம்மா’ என்றார். எனக்கு வந்த ஆத்திரத்துக்குக் கம்பிக்கு நடுவில் கையை விட்டு அந்த மீசையை இழுத்திருப்பேன்.

அப்போது வந்தார் கீழ்வீட்டு மேனேஜர். உனக்குத்தான் தெரியுமே, வேலையை விட்டு எத்தனை காலம் ஆனாலும் மேனேஜர் மேனேஜர்தான். மற்றவர்கள் பையில் கைக்குட்டை வைத்திருப்பார்கள், அவர் இரும்பு டேப் வைத்திருப்பார். வந்ததும் ஒரு சத்தம், சர்ரென்று டேப்பை இழுத்து வளைவை அளந்தார், கட்டிலை அளந்தார், ரொம்பத் திருப்தியாக ‘ரெண்டு இஞ்சு இடிக்குது’ என்றார். இருக்கவே முடியாது, என் வீட்டுக்காரர் தையல்காரர், அளவுதான் எங்களுக்குச் சோறு போட்டது, எங்கள் டேப்பில் பிசகு வராது என்று நான் சொன்னேன். அந்த டேப்பைக் காட்டுங்கள் என்றார். கட்டில் கம்பிகளுக்கு நடுவில் நீட்டினேன். வாங்கித் தன் டேப்போடு சேர்த்துப் பிடித்துப் பார்த்தார், பார்த்துவிட்டுச் சிரித்தார் பார், அந்தச் சிரிப்பை நான் சாகும் வரைக்கும் மறக்க மாட்டேன். ‘ஏங்க, இது மூணுலதானே ஆரம்பிக்குது? ஒண்ணும் ரெண்டும் எங்க போச்சு?’ என்றார். உண்மைதான். முனையில் இருக்க வேண்டிய பித்தளைத் தகடு இல்லை, நைந்துபோன இடத்தைக் கத்தரிக்கோலால் நேராக வெட்டியிருக்கிறது, அழகாக வெட்டியிருக்கிறது, அதுவும் அவர் கைதான். எண்ணே மூன்றில்தான் தொடங்குகிறது. இத்தனை வருஷமாக ஊரிலுள்ளவர் மார்புக்கும் இடுப்புக்கும் தலையில்லாத ஒரு டேப்பை வைத்து அளந்திருக்கிறார், மனசுக்குள்ளேயே இரண்டைக் கழித்துக்கொண்டே வந்திருக்கிறார், ஒரு சட்டையும் பிடித்ததில்லை, ஒரு ரவிக்கையும் தொளதொளத்ததில்லை, அதனால் கட்டிய பெண்டாட்டிக்குக்கூடத் தெரியவில்லை. நாலு லோடு ஆட்களும் மேனேஜரும் சேர்ந்து சிரிக்கிறார்கள், நான் என் வீட்டு வாசலில் என் கட்டிலுக்குப் பின்னால் சிறைப்பட்டு நிற்கிறேன். அவமானம் என்றால் அப்படி ஒரு அவமானம்.

எப்படியோ சுவரில் ஒரு பெரிய கீறலைப் போட்டுவிட்டுக் கட்டிலைத் திரும்பக் கீழே இறக்கினார்கள். வைக்க இடம்? மேனேஜர் தன் கார் நிற்கிற தகரக் கொட்டகையின் ஓரத்தில் வைக்கச் சொன்னார், ஏதோ ராஜ்ஜியத்தைத் தானம் செய்கிற மாதிரி சொன்னார். அந்தக் காரை அவர் ஓட்டி நான் பார்த்ததில்லை, துடைத்துத்தான் பார்த்திருக்கிறேன். அதன் பிறகு அந்தக் கட்டிலுக்கு வந்த கேட்டைக் கேள். தெருவில் போகிறவர் வருகிறவர் எல்லாரும் உள்ளே வந்து கைப்பிடியைச் சுற்றிப் பார்த்தார்கள். பால்காரர் சுற்றினார், தபால்காரர் சுற்றினார். எதிர்வீட்டு அம்மாள் சுற்றியதோடு நிற்காமல் ஏறிச் சாய்ந்து பார்த்துவிட்டு, முதுகுக்கு இதமாக இருக்கிறது, எங்கே வாங்கினீர்கள் என்று என்னையே கேட்கிறாள். மேனேஜர் வீட்டுப் பூனை நடுச்சட்டத்தில் குடியேறிவிட்டது. உன் அப்பாவுக்காக வந்த கட்டிலில் உன் அப்பாவைத் தவிர இந்தத் தெருவே படுத்துவிட்டது. நான் மாடியில் நின்று பார்த்துக்கொண்டு பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

இந்த நேரத்தில் உன் மாமா போன் செய்தான். ‘விட்டுத் தள்ளுக்கா, ரூமை ஒழிச்சு வெள்ளையடிச்சே வெச்சுட்டேன், கட்டிலு இங்கயே வந்துடட்டும்’ என்றான். குரலில் ஒரு வருத்தம் வேண்டாமா? இல்லை. இன்னும் கேள், நம் வீட்டுக்கு ஒரு வாடகைக்காரரையும் பார்த்து வைத்துவிட்டானாம். நல்ல மனுஷியாம், நடன வகுப்பு நடத்துகிறாளாம், கூடம் விசாலமாக இருக்கிறது என்று சந்தோஷப்பட்டாளாம். நான் அந்தக் கூடத்தில் இன்னும் நின்றுகொண்டிருக்கிறேன், என் காலடியை யார் யாரோ அளந்துகொண்டிருக்கிறார்கள். உனக்கு இது தெரியுமா என்று தெரியவில்லை. தெரிந்து நீ சொல்லாமல் இருந்திருந்தால் இந்தக் கடிதத்தை இதோடு மடித்து வைத்துவிடு, மேலே படிக்காதே. தெரியாது என்றுதான் நம்புகிறேன், அதனால் தொடர்கிறேன்.

நான் போனை வைத்துவிட்டு வெளி மாடத்தில் போய் நின்றேன். அழத்தான் போனேன், ஒளிக்க என்ன இருக்கிறது. ஆனால் நின்று கீழே பார்த்ததும் அழுகை வரவில்லை, வழி வந்தது. மாடத்துக் கிரில்லைக் கழற்றிவிட்டால் கட்டில் தெருவிலிருந்து நேரே மேலே வரலாம், படிக்கட்டையே தொட வேண்டாம். நடுவில் ஒரே ஒரு தடை மேனேஜரின் தகரக் கொட்டகை. மீசைக்காரரைத் திரும்பக் கூப்பிட்டுக் காட்டினேன், அவர் அண்ணாந்து பார்த்து மீசையைத் தடவி, தகரத்தை எடுத்தால் கயிறு போட்டுத் தூக்கிவிடலாம் என்றார். மேனேஜரிடம் போனேன். முடியவே முடியாது என்றார். வெயில் பட்டால் காரின் வர்ணம் போய்விடுமாம், மழை பெய்தால் துருப்பிடிக்குமாம், அதெல்லாம் பழைய ஆணி, கழற்றினால் திரும்ப மாட்டவே முடியாதாம். நான் வாதாடவில்லை. சரிங்க, உங்கள் கஷ்டம் புரிகிறது, நாங்கள் காலி செய்துவிடுகிறோம், வருகிறவள் நல்ல பெண்ணாம், காலையிலும் மாலையிலும் குழந்தைகளுக்கு நடனம் சொல்லித் தருவாளாம், முப்பது பிள்ளைகளுக்கு மேல் வருமாம், எல்லாம் உங்கள் கூடத்துக்கு நேர் மேலேதான் குதிக்கும், பிள்ளைகள் சத்தம் வீட்டுக்கு நல்லதுதானே என்று சொல்லிவிட்டு வந்தேன். முப்பது என்பது நானாகச் சேர்த்தது. மனுஷர் முகத்தில் ஈயாடவில்லை. மறுநாள் காலையில் நான் வாசல் தெளிக்க இறங்கினால் ஏணி போட்டு அவரே மேலே உட்கார்ந்து ஆணி பிடுங்கிக்கொண்டிருக்கிறார். என்னைப் பார்த்து, காற்று வரட்டுமே என்று பார்த்தேன் என்றார். நானும் ஆமாம், புழுக்கமாகத்தான் இருக்கிறது என்றேன்.

கட்டில் ஏறியதை நீ பார்த்திருக்க வேண்டும். வெல்டிங் ஆள் வந்து கிரில்லை அறுத்து எடுத்தார், பழைய போர்வைகளைச் சுற்றி, கயிறு கட்டி, மேலே இரண்டு பேர் கீழே இரண்டு பேர், நடுவில் மேனேஜர் சும்மா இருக்க முடியாமல் ‘மெதுவா, மெதுவா’ என்று கைகளை ஆட்டிக்கொண்டு. அந்தரத்தில் ஒரு தடவை அது சுற்றியது, எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. அப்புறம் மாடத்துச் சுவரில் உட்கார்ந்தது, உள்ளே வந்தது. பலகைகளைப் பொருத்தி, அப்பா படுக்கையிலிருந்தே தெருவைப் பார்க்கிற மாதிரி ஜன்னல் ஓரம் போட்டு, வெளுத்த விரிப்பு விரித்து, கைப்பிடியைச் சுற்றித் தலைமாட்டை உயர்த்தி வைத்தேன். நின்று பார்த்தேன். ஜெயித்துவிட்டேன் என்று எனக்குள்ளேயே சத்தமாகச் சொல்லிக்கொண்டேன். உன்னையும் உன் மாமாவையும் நினைத்து இரண்டு வார்த்தை கூடுதலாகவும் சொன்னேன், அதை எழுத மாட்டேன்.

அப்படியே மாமா வீட்டுக்கு ஓடினேன். அப்பா பின்னறையில் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார், அதாவது பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்து. கட்டில் ஏறிவிட்டது, நாளைக்கே போகலாம் என்றேன். சிரிப்பார், எப்படி ஏறியது என்று கேட்பார், மேனேஜர் கதையைச் சொல்லலாம் என்று நினைத்துக்கொண்டு போனேன். அவர் முகத்தில் ஒரு சந்தோஷத்தையும் காணோம். ‘வளைவு வழியாவா ஏத்துனாங்க?’ என்று மட்டும் கேட்டார். இல்லை, மாடம் வழியாக என்றேன். ‘ஓ’ என்றார். எனக்கு அப்போதுதான் மண்டையில் உறைத்தது. அந்த டேப்பில் இரண்டு இஞ்சு இல்லை என்பது இந்த உலகத்தில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். யார் எந்த அளவைச் சொன்னாலும் மனசு தானாகக் கழித்துவிடும், அவரால் கழிக்காமல் இருக்கவே முடியாது. நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து உனக்கு அளவு படித்தபோது அவர் கழித்திருக்கிறார். தப்பு என்று தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் சரியாத்தான் இருக்கும் என்றிருக்கிறார். கட்டில் ஏறக் கூடாது என்று விரும்பியிருக்கிறார்.

எனக்கு வந்த கோபத்தை நீயே கற்பனை செய்துகொள். கதவைச் சாத்தினேன். இத்தனை வருஷம் சேர்ந்து வாழ்ந்து, ஒரு அறை ஒரு அறையாகக் கட்டின வீடு, என்னைத் தெருவில் நிறுத்தினீர்களே, அந்த மேனேஜர் முன்னால் சிரிப்பாய்ச் சிரிக்க வைத்தீர்களே, உங்களுக்கு இங்கே இருக்க வேண்டுமென்றால் வாயைத் திறந்து சொல்ல என்ன கேடு என்று கேட்டேன். கேட்டேன் என்ன, கத்தினேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு, சட்டையின் கடைசிப் பொத்தானைப் போட்டுக் கழற்றி, போட்டுக் கழற்றிக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார். அவர் விழுந்த அன்றைக்கு நான் கடைக்குப் போய்விட்டு வந்து வளைவில் அவரைப் பார்த்தபோது, இப்போதுதான் விழுந்தேன் என்றாரே, அது பொய். நான் வாசலைத் தாண்டிய கொஞ்ச நேரத்திலேயே விழுந்திருக்கிறார். நான் அன்றைக்கு வழியில் நின்று அவளோடு இவளோடு பேசிவிட்டு நிதானமாக வந்தேன். அவ்வளவு நேரமும் அங்கேயே கிடந்திருக்கிறார். கூப்பிட்டிருக்கிறார். கீழே மேனேஜர் வீட்டு டிவி அலறிக்கொண்டிருந்திருக்கிறது, யாருக்கும் கேட்கவில்லை. ‘உன்னத்தான் கூப்புட்டேன், நீ இல்லன்னு தெரியும், இருந்தாலும் உன் பேருதான் வந்துச்சு’ என்றார். அப்புறம் கூப்பிடுவதை நிறுத்திவிட்டாராம். ஏன் என்று கேட்டேன். துணி நனைந்துவிட்டதாம். அதற்குப் பிறகு யாராவது வந்துவிடுவார்களோ என்றுதான் பயமாக இருந்ததாம், வரக் கூடாதே என்று கிடந்தாராம். ஊருக்கே மடிப்புக் கலையாமல் துணி தைத்துக் கொடுத்த மனுஷன். தண்ணீர் பாட்டில் கொட்டிவிட்டது என்று அன்றைக்கு என்னிடம் சொன்னார், நானும் துடைத்தேன், அது தண்ணீர்தான் என்றே துடைத்தேன். ‘அந்த எடத்தைத் தாண்டணும்னு நெனச்சாலே எனக்குக் காலு என்னோடது இல்லாத மாதிரி போயிடுது. இத எப்படிப் போய்ச் சொல்லுவேன்? அதான் டேப்பு சொல்லட்டும்னு விட்டுட்டேன்’ என்றார்.

இப்போது சொல், நான் யார் மேல் கோபப்பட? பயமாக இருக்கிறது என்ற ஒரு சொல்லைச் சொல்ல வெட்கப்பட்டு ஒரு கட்டிலை நடு வளைவில் மாட்ட வைத்தவர் மேலா? சொல்லியிருந்தால் நான் என்ன சிரித்திருப்பேனா? கோபம்தான், அவர் மேலும் கோபம்தான், இன்னும் ஆறவில்லை. ஆனால் உன் மேலும் உன் மாமா மேலும் அதைவிடக் கோபம். கட்டில் எத்தனை நீளம் என்று கேட்டீர்கள், வளைவு எத்தனை அகலம் என்று கேட்டீர்கள், பின்னறைக்கு எந்த நிறத்தில் வெள்ளையடிப்பது என்றுகூட உன் மாமா கேட்டான், அந்த மனுஷனுக்கு என்ன வேண்டும் என்று ஒருத்தராவது கேட்டீர்களா? நான் கேட்டேனா என்று நீ திருப்பிக் கேட்பாய், கேள், அதற்கும் எனக்குக் கோபம் வரும்.

அன்றைக்கே வெல்டிங் ஆள் கிரில்லைத் திரும்பப் பொருத்த வந்தார். பொருத்திவிட்டால் அந்தக் கட்டில் இனி வெளியே போக வழியே கிடையாது, அவர் அதைச் சொல்லித்தான் கேட்டார். வேண்டாம், சொல்லி அனுப்புகிறேன் என்று அனுப்பிவிட்டேன். அப்பா வர முடியாது என்று சொல்லிவிட்டால் கட்டில் ஏறிய வழியே இறங்கட்டும், அந்தச் சுவரைப் பார்த்த அறைக்கே போகட்டும், நானும் போகிறேன், நடனக்காரி நன்றாக ஆடட்டும். இதை நான் மனசார எழுதவில்லை, எனக்கு அந்த வீடு வேண்டும், என் அடுப்பு வேண்டும், என் ஜன்னல் வேண்டும். ஆனால் நடுங்குகிற காலை இழுத்துக்கொண்டுபோய் என் வீட்டில் வைத்து என்ன செய்ய? இப்போது மாடம் திறந்து கிடக்கிறது, ஒரு பழைய சேலையைக் கட்டி வைத்திருக்கிறேன், காற்றடித்தால் கூடம் முழுக்கத் தூசி. மேனேஜர் தினமும் கீழே நின்று தகரத்தை எப்போது மாட்டலாம் என்று கேட்கிறார். மாட்டலாம், மாட்டலாம், கார் கொஞ்சம் வெயில் காயட்டும் என்கிறேன்.

போன வாரம் அப்பா உன் மாமாவிடம், வண்டியை எடு, வீட்டு வாசல் வரைக்கும் போய்விட்டு வருவோம் என்றார். நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை, அவராகக் கேட்டார். போனோம். வாசலில் வண்டி நின்றது, அவர் இறங்கவில்லை, கண்ணாடி வழியாகப் படிக்கட்டைப் பார்த்தார், பார்த்துவிட்டுப் போகலாம் என்றார். உன் மாமா ஏதோ சொல்ல வாயெடுத்தான், நான் பின்சீட்டிலிருந்து அவன் தோளில் ஒரு கிள்ளு கிள்ளினேன், அடங்கினான். மறுநாளும் கேட்டார், அன்றைக்கும் அப்படியே. நேற்று இறங்கினார். வாக்கரை ஊன்றிக்கொண்டு கேட்டைத் தாண்டி, படிக்கட்டுக்குக் கீழே போய் நின்று அண்ணாந்து பார்த்தார். நான் பின்னால் நின்றேன், தொடவில்லை. உள்ளே வழக்கம்போல் டிவி அலறிக்கொண்டிருந்தது. மேனேஜர் சத்தம் கேட்டு வெளியே வந்து, வாங்க வாங்க, எப்படி இருக்கீங்க என்று கேட்டார். உன் அப்பா யாரையும் ஒரு சொல் கடிந்து பேசாதவர், உனக்கே தெரியும். அவர் மேனேஜரை நேராகப் பார்த்து, ‘டிவியக் கொஞ்சம் கொறச்சு வைங்க. மேல யாராவது கூப்புட்டா கேக்கணும்’ என்றார். மேனேஜர் ஒன்றும் புரியாமல் சரி சரி என்று உள்ளே ஓடினார். அதை மட்டும் சொல்லிவிட்டு அப்பா திரும்பி வந்து வண்டியில் உட்கார்ந்துவிட்டார். வரும் வழியெல்லாம் நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். நாளைக்கும் வண்டியை எடுக்கச் சொல்லியிருக்கிறார்.

நீ இனி போன் செய்யும்போது கட்டில் வசதியாக இருக்கிறதா, எப்போது மாறப் போகிறீர்கள் என்று அவரை நச்சரிக்காதே. இதெல்லாம் உனக்குத் தெரியும் என்று மூச்சு விடாதே, உன்னிடம் சொன்னேன் என்று தெரிந்தால் அவர் என் முகத்திலேயே விழிக்க மாட்டார். எப்படிப்பா இருக்கீங்க என்று கேள், கேட்டுவிட்டுச் சும்மா இரு. அவர் பதில் சொல்ல நேரம் எடுத்துக்கொள்வார், அதுவரைக்கும் வைத்துவிடாதே, மீட்டிங் காத்திருக்கட்டும்.

மாப்பிள்ளைக்கு என் விசாரிப்பைச் சொல். குட்டிக்கு ஆயிரம் முத்தம். நீங்கள் மூன்று பேரும் எங்கே இருந்தாலும் ஒரு குறையும் இல்லாமல், கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் ஒருவருக்கொருவர் இருக்க வேண்டும் என்று மனசார வாழ்த்துகிறேன். படித்ததும் இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடு.

கோபம் குறையாமலும் அன்பு குறையாமலும்,
உன் அம்மா.